கடலுக்கு அப்பால் ஒரு ராஜா: ஸ்பானிய அமெரிக்காவின் ஆட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவிலிருந்து சிலி வரை, நடுவில் பிரேசிலை விட்டுவிட்டால், அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதி சுமார் 300 ஆண்டுகள் ஸ்பெயின் அரசர்களின் கையில் இருந்தது. அந்த 300 ஆண்டுகளில் ஒரு ராஜாகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தந்தி இல்லை, நீராவிக் கப்பல் இல்லை, வெகுகாலத்துக்கு அங்கே நிரந்தரப் படை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. பிறகு எப்படி ஆண்டார்கள்? வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். தூரத்தையும் மீறி அந்த ஆட்சி நடந்தது என்பார்கள். எனக்கென்னவோ, தூரத்தை வைத்தே நடந்தது என்றுதான் தோன்றுகிறது.

ஸ்பெயின் ஆண்டதா, ஸ்பெயின் ராஜா ஆண்டாரா? இரண்டும் ஒன்றுதானே?

சட்டப்படி ஒன்றில்லை. அன்றைய ஸ்பெயின் என்பதே ஒரே ராஜாவின் தலையில் பல கிரீடங்கள் ஏறியிருந்த ஏற்பாடு. கஸ்தீல் ஒரு ராஜ்யம், அரகோன் இன்னொன்று. அமெரிக்க நிலங்கள் கஸ்தீல் கிரீடத்தோடு சேர்க்கப்பட்டன. ஆவணங்களில் அவற்றுக்கு 'இந்தியாஸ்' என்று பெயர். இந்தியாவைத் தேடிப் போன கொலம்பஸின் பிழை, அரசாங்க முத்திரையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

சட்ட மொழியில் அவை 'ராஜ்யங்கள்'. 'காலனி' என்ற சொல் அரசுத் தாள்களில் பரவலானது 18-ஆம் நூற்றாண்டில்தான். நடைமுறையில் அவை காலனிகள்தான், அதில் சந்தேகமில்லை. பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்குள் இறங்கியவனுக்கு மேலே இருப்பது ராஜ்யமா காலனியா என்பது பெரிய விஷயமாக இருந்திருக்காது. ஆனால் "நாங்கள் ஸ்பெயின் நாட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல, ராஜாவுக்குக் கட்டுப்பட்டவர்கள்" என்ற இந்தச் சட்ட நுணுக்கம் 1808-இல் வெடிகுண்டாக மாறியது. அதைக் கீழே பார்க்கலாம்.

ராஜா அங்கே இல்லை. அப்படியானால் ஜனங்கள் யாரை ராஜாவாகப் பார்த்தார்கள்?

வைஸ்ராயை. மெக்சிகோவைத் தலைநகராகக் கொண்ட 'புதிய ஸ்பெயின்' பகுதிக்கு முதல் வைஸ்ராயாக அந்தோனியோ தெ மெந்தோசா 1535-இல் வந்தார். லிமாவைத் தலைநகராகக் கொண்ட பெருவுக்கு 1540-களில் இரண்டாவது வைஸ்ராய் பதவி உருவானது. நெடுங்காலம் இந்த இரண்டே இரண்டுதான். 18-ஆம் நூற்றாண்டில் பொகோதாவிலும், 1776-இல் புவெனஸ் ஐரஸிலும் இன்னும் இரண்டு சேர்ந்தன. வைஸ்ராய் ராஜாவின் உயிருள்ள பிம்பம் என்று கருதப்பட்டார். ஊருக்குள் அவர் நுழைவதற்குத் தோரணம், வாத்தியம், அணிவகுப்பு எல்லாம் உண்டு.

இதைவிட விசித்திரம் ராஜமுத்திரைக்குக் கிடைத்த மரியாதை. அரசாணைகளில் பதிக்கும் முத்திரை புதிதாக ஒரு நகரத்துக்கு வரும்போது, அதைக் குதிரைமேல் ஏற்றி, விதானம் பிடித்து, நகரப் பெரியவர்கள் எதிர்கொண்டு அழைத்து வருவார்கள். மூலவர் கோயிலைவிட்டு வெளியே வரமாட்டார், உற்சவர்தான் வீதியுலா வருவார் என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. அந்த மனநிலையோடு பார்த்தால் இது எளிதில் புரியும்.

மூலஸ்தானத்தில், அதாவது ஸ்பெயினில், யார் இதையெல்லாம் கவனித்தார்கள்?

இரண்டு அலுவலகங்கள். முதலாவது, 1503-இல் செவியா நகரத்தில் தொடங்கிய வணிக மாளிகை. அமெரிக்கா போகும் ஒவ்வொரு கப்பல், ஒவ்வொரு பயணி, ஒவ்வொரு மூட்டைக்கும் அதன் அனுமதி வேண்டும். திரும்பி வரும் வெள்ளியும் அங்கேதான் எடைபோடப்படும். இரண்டாவது, 1524-இல் முறையாக அமைக்கப்பட்ட இந்தியாஸ் சபை. சட்டம் இயற்றுவது, அதிகாரிகளையும் ஆயர்களையும் பரிந்துரைப்பது, மேல்முறையீட்டு வழக்குகளைக் கேட்பது எல்லாமே இந்தச் சபைதான். வந்த கடிதங்களைப் படித்து, விவாதித்து, ஒரு குறிப்பு எழுதி ராஜாவுக்கு அனுப்பும். ராஜா ஓரத்தில் "இப்படியே ஆகட்டும்" என்றோ வேறு மாதிரியோ எழுதித் திருப்புவார். அதுதான் ஆட்சி. சபை உறுப்பினர்களில் பெரும்பாலோர் சட்டம் படித்தவர்கள். அமெரிக்காவைக் கண்ணால் பார்த்தவர்கள் சிலரே.

இந்தக் காகித ஆட்சியின் உச்சம் ராஜா இரண்டாம் பிலிப். 1577-இல் அவருடைய சபை ஐம்பது கேள்விகள் கொண்ட அச்சிட்ட படிவம் ஒன்றை அமெரிக்க ஊர்களுக்கெல்லாம் அனுப்பியது. உங்கள் ஊருக்கு ஏன் இந்தப் பெயர்? முன்பு யாருக்குக் கட்டுப்பட்டிருந்தீர்கள்? என்ன மரம், என்ன மூலிகை, என்ன நோய்? ஊரின் படம் ஒன்றும் வரைந்து அனுப்பவும். பல ஊர்களில் உள்ளூர்ப் பூர்வகுடி ஓவியர்களே அந்தப் படங்களைத் தங்கள் பாணியில் வரைந்தார்கள். மலைக்கு அவர்கள் வழக்கப்படி ஒரு குறி, பாதைக்குக் காலடித் தடங்கள். பார்க்கவே போகாத ஒரு நிலத்தைப் பிலிப் இப்படிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள முயன்றார். கேட்ட ஊர்களில் பல பதில் அனுப்பவில்லை என்பதும், வந்த பதில்களைச் சபை பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதும் வேறு கதை. இன்றைக்கு நம் அரசு அலுவலகப் படிவங்களுக்கும் அதே கதிதான்.

ஒரு கடிதம் போய்வர எவ்வளவு நாள் ஆகும்?

செவியாவிலிருந்து மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்துக்கு இரண்டரை, மூன்று மாதம். லிமாவுக்கு என்றால் பனாமாவில் இறங்கி, தரைவழியாகக் குறுக்கே கடந்து, மறுபக்கக் கடலில் மீண்டும் கப்பலேற வேண்டும். அரை வருடத்துக்கு மேல் போய்விடும். கடற்கொள்ளையருக்குப் பயந்து கப்பல்கள் கூட்டமாகத்தான் கிளம்பும், அந்தக் கூட்டமும் வருடத்துக்கு ஒருமுறைதான். தவறவிட்டால் அடுத்த வருடம். "சாவு ஸ்பெயினிலிருந்து வருவதாக இருந்தால் நாமெல்லாம் சிரஞ்சீவிகள்தான்" என்று அந்தக் கால அதிகாரிகள் மத்தியில் ஒரு கிண்டல் உண்டு.

உச்சகட்டம் பிலிப்பைன்ஸ். அது நிர்வாகத்தில் மெக்சிகோவோடு இணைக்கப்பட்டிருந்தது. ஸ்பெயினிலிருந்து மெக்சிகோ, அதன் குறுக்கே அகபுல்கோ, அங்கிருந்து வருடாந்தர மணிலாக் கப்பல். ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க இரண்டு வருடம் ஆவது சகஜம்.

இந்த இடத்தில் நம் ஊர் உள்ளே வருகிறது. 1762 ஜனவரியில் பிரிட்டன் ஸ்பெயின்மீது போர் அறிவித்தது. மெட்ராஸில் இருந்த ஆங்கிலேயர்கள் செய்தி கிடைத்ததும் படை திரட்டிக் கப்பலேறினார்கள். அதில் சிப்பாய்களும் இருந்தார்கள். செப்டம்பர் இறுதியில் அந்தக் கப்பல்கள் மணிலா விரிகுடாவில் நின்றபோது, போர் நடப்பதே மணிலாவுக்குத் தெரியாது. ஆளுநர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, புதியவர் இன்னும் வந்து சேரவில்லை. பேராயர் மனுவேல் ரோஹோதான் பொறுப்பு ஆளுநர். அக்டோபர் முதல் வாரத்தில் நகரம் விழுந்தது. அடுத்த வருடம் பிப்ரவரியில் பாரிஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானபோது, மணிலா விழுந்த சேதி கையெழுத்திட்டவர்களுக்கு எட்டியிருக்கவில்லை! 1764-இல் ஆங்கிலேயர் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மெட்ராஸ் சிப்பாய்களில் சிலர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்கள். மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் அவர்களுடைய வழிவந்தவர்கள் என்று இன்றும் சிலரைக் காட்டுவார்கள்.

இன்னொன்று. நகரம் விழுவதற்கு முன்பே சிமோன் தெ அந்தா என்ற நீதிபதி தப்பித்து உள்நாட்டுக்குப் போனார். "மற்ற நீதிபதிகள் சிறைப்பட்டுவிட்டார்கள், ஆகவே நீதிமன்றம் முழுவதும் இப்போது நானே, ஆளுநர் இல்லாதபோது ஆளும் உரிமை நீதிமன்றத்துக்கு உண்டு, ஆகவே ஆளுநரும் நானே" என்று சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பை நடத்தினார். படை இல்லாத இடத்தில் ஒரு சட்ட வாதம் ராஜாவாக நின்றது.

நீதிபதிக்கு ஆளும் உரிமையா? வைஸ்ராய்க்குத்தானே சர்வ அதிகாரமும்?

இங்கேதான் மாட்ரிட்டின் சாமர்த்தியம். தூரத்தில் இருப்பவனை நம்ப முடியாது. ஆகவே ஒருவனை இன்னொருவன்மேல் ஏவி வைத்தார்கள். முக்கிய நகரங்களில் 'ஆடியென்சியா' என்ற உயர் நீதிமன்றம் இருந்தது. சாந்தோ தொமிங்கோவில் 1511, மெக்சிகோவில் 1527, லிமாவில் 1543, மணிலாவில் 1583 என்று ஒவ்வொன்றாக வந்தன. வழக்கு விசாரிப்பதோடு வைஸ்ராய்க்கு ஆலோசனை சொல்வதும், அவருடைய முடிவின் மேல் வரும் புகாரைக் கேட்பதும், அவர் இறந்துபோனால் இடைக்காலத்தில் ஆள்வதும் அதன் வேலை. நீதிபதிகள் தனியாக ராஜாவுக்குக் கடிதம் எழுதலாம். வைஸ்ராய் நீதிபதிகளைப் பற்றி எழுதுவார், நீதிபதிகள் வைஸ்ராயைப் பற்றி எழுதுவார்கள், ஆயர் இருவரைப் பற்றியும் எழுதுவார்.

கஜானாவும் வைஸ்ராயின் பையில் இல்லை. அதற்குத் தனி அதிகாரிகள், ராஜாவுக்கு நேரடிப் பொறுப்பு. பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று வெவ்வேறு ஆள்கள். கோயில் உண்டியல் திறக்கும் நாளில் எத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

அதோடு, வைஸ்ராயோ நீதிபதியோ தன் ஆளுகைக்குட்பட்ட இடத்தில் நிலம் வாங்கக் கூடாது, வியாபாரம் செய்யக் கூடாது, ராஜாவின் அனுமதியில்லாமல் உள்ளூரில் பெண் கட்டக் கூடாது, பிள்ளைகளுக்கும் கட்டிவைக்கக் கூடாது. ஊரோடு ஒட்டிவிடுவார்கள் என்ற பயம். சட்டம் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டதிலிருந்தே எவ்வளவு ஒட்டினார்கள் என்று ஊகிக்கலாம்.

பதவி முடிந்து போகும்போது கணக்குக் கேட்டார்களா?

கேட்டார்கள். 'ரெசிதென்சியா' என்று அதற்குப் பெயர். பதவிக்காலம் முடிந்த அதிகாரி ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது. தண்டோரா போடுவார்கள்: இவர்மேல் குறையுள்ளவர்கள் வந்து சொல்லலாம். பூர்வகுடிகளுக்கும் அந்த உரிமை உண்டு. விசாரித்து அபராதம், சிறை, பதவித் தடை வரை போகலாம். தவிர, எந்த நேரத்திலும் ஸ்பெயினிலிருந்து திடீர் ஆய்வாளர் ஒருவர் வந்து இறங்கலாம். கொலம்பஸையே 1500-இல் இப்படி வந்த விசாரணை அதிகாரி விலங்கு மாட்டிக் கப்பலேற்றினார்.

மெக்சிகோவை வென்ற கோர்த்தெஸை விசாரிக்க 1526-இல் ஒரு நீதிபதி வந்தார். வந்த மாதமே காய்ச்சலில் செத்துப்போனார். அவர் இடத்துக்கு வந்தவரும் அடுத்த வருடம் இறந்தார். கோர்த்தெஸ் விஷம் வைத்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. விசாரணைக் கட்டுகள் ஆயிரக்கணக்கான பக்கங்களாகப் பெருகின, கடைசித் தீர்ப்பு மட்டும் வரவே இல்லை.

முறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. பல நேரங்களில் விசாரிப்பவர் அடுத்து அதே பதவிக்கு வரும் ஆள். தனக்கும் நாளைக்கு இதே விசாரணை என்று தெரிந்தவர் எவ்வளவு கடுமை காட்டுவார்? வேலிக்கு ஓணான் சாட்சி. ஆனாலும், அதே காலத்தில் வேறு எந்த ஐரோப்பியப் பேரரசிலும் வெளியேறும் அதிகாரியைப் பற்றிக் குடியானவனிடம் இப்படி முறைவைத்துக் கேட்டதாக எனக்குத் தெரிந்து இல்லை.

"பணிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை" என்று ஒரு வாசகம் சொல்கிறார்களே, அது நிஜமா?

நிஜம்தான். மத்திய காலக் கஸ்தீலிலேயே இருந்த சட்ட வழக்கம் அது. ராஜாவின் ஆணை வந்தால் அதிகாரி அதை வாங்கி முத்தமிட்டு, தலைமேல் வைத்துக்கொள்வார். அது பணிதல். பிறகு, "இந்த ஆணை இங்குள்ள நிலைமை தெரியாமல் பிறப்பிக்கப்பட்டது, நிறைவேற்றினால் ராஜாவின் நோக்கத்துக்கே கேடு, மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கிறேன்" என்று எழுதி அனுப்பலாம். ராஜா அநியாயம் செய்யமாட்டார், அப்படி ஓர் ஆணை வந்திருந்தால் யாரோ அவருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அடிப்படை. மறு உத்தரவு வர ஒன்றரை, இரண்டு வருடம். அதற்குள் என்னென்னவோ நடந்துவிடும்.

இதைச் சோம்பேறி அதிகாரிகளின் தந்திரம் என்று கேலி செய்பவர்கள் 1540-களின் கதையைப் பார்க்க வேண்டும். பூர்வகுடி ஊர்களைப் படையெடுத்து வந்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அவர்களிடம் திறையும் உழைப்பும் வாங்கிக்கொள்ள விடும் 'என்கொமியெந்தா' முறை கொடுமையின் உச்சத்துக்குப் போயிருந்தது. துறவி பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் போன்றவர்கள் வாதாடியதன் விளைவாக, 1542 நவம்பரில் 'புதிய சட்டங்கள்' வந்தன. பூர்வகுடிகளை அடிமையாக்கக் கூடாது. என்கொமியெந்தா இனி வாரிசுக்குப் போகாது. உரிமையாளர் இறந்தால் அரசுக்குத் திரும்பும்.

ஒரே சட்டம், இரண்டு ஊர். மெக்சிகோவுக்கு அதை எடுத்துவந்த அதிகாரி நிலைமையைப் பார்த்தார், வைஸ்ராய் மெந்தோசாவோடு பேசினார், மிகக் கசப்பான பகுதிகளை நிறுத்திவைத்து ராஜாவுக்கு எழுதினார். ஊர் அமைதியாக இருந்தது. பெருவுக்கு வந்த முதல் வைஸ்ராய் பிளாஸ்கோ நூன்யெஸ் வேலா அப்படிப்பட்ட ஆள் இல்லை. சட்டம் என்றால் சட்டம். 1544-இல் வந்து இறங்கியதிலிருந்தே அமல்படுத்தத் தொடங்கினார். குடியேறிய ஸ்பானியர்கள் கொன்சாலோ பிசாரோவின் தலைமையில் கலகம் செய்தார்கள். 1546 ஜனவரியில் கீட்டோ நகருக்கு வெளியே நடந்த சண்டையில் வைஸ்ராயின் தலை துண்டிக்கப்பட்டது. வாரிசுத் தடையை ராஜா அதற்கு முந்திய ஆண்டே திரும்பப் பெற்றிருந்தார் என்பது இதில் சோகமான நகைச்சுவை.

கலகத்தை அடக்க ராஜா அனுப்பியது படையை அல்ல. பெத்ரோ தெ லா காஸ்கா என்ற பாதிரியாரை. ராஜா கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களும் மன்னிப்பு வழங்கும் அதிகாரமும்தான் அவர் கையிருப்பு. பனாமாவில் உட்கார்ந்து கடிதம் எழுதியே கலகக்காரர்களின் கப்பல்களைத் தன் பக்கம் இழுத்தார். 1548-இல் குஸ்கோ அருகே படைகள் நேருக்கு நேர் நின்றபோது பிசாரோவின் ஆள்கள் அணியணியாகக் களத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். மறுநாள் பிசாரோவுக்கு மரண தண்டனை. வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பலம் இருந்ததென்றால், அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரரை யாரும் நேரில் பார்க்காததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் ஊகம்.

கிராமத்தில், சாதாரண ஆள் கண்ணில் அரசு என்றால் யார்?

'கொரெகிதோர்' என்ற மாவட்ட அதிகாரி. நம் தாசில்தார், நீதிபதி, காவல் அதிகாரி மூவரையும் ஒரே ஆளாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சம்பளம் சொற்பம், பதவிக்காலம் சில வருடம், அதற்குள் பதவிக்காகப் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். கோவேறு கழுதை, துணி, இரும்புச் சாமான் என்று எதையாவது கொண்டுவந்து ஊர்க்காரர்கள் தலையில் கட்டி, அவர் சொன்ன விலையை வசூலிப்பார். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசே இந்தக் கட்டாய விற்பனையைச் சட்டபூர்வமாக்கியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டுமே என்பார்கள். இங்கே பூசாரி வரத்தையே விலைக்கு விற்றார்.

ஸ்பானிய நகரங்களுக்குத் தனி நகரசபை, பூர்வகுடி ஊர்களுக்குத் தனிச் சபை என்று இரண்டு அடுக்கு இருந்தது. பூர்வகுடித் தலைவர்களுக்குத் திறை விலக்கு உண்டு. பதிலாக, ஊரிலிருந்து திறையையும் ஆளையும் திரட்டிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. ஒடுக்கும் எந்திரத்தில் அவர்களும் ஒரு பல்சக்கரம்.

ஆனால் அதே எந்திரத்தில் எதிர்பாராத ஓர் உறுப்பும் இருந்தது. 1590-களின் தொடக்கத்தில் மெக்சிகோவில் பூர்வகுடிகளுக்கென்றே தனி நீதிமன்றம் வந்தது. திறை செலுத்தும் ஒவ்வொருவரும் வருடத்துக்கு அரை ரியால் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் சம்பளம். வழக்குப் போட வேறு செலவில்லை. இன்றைய மொழியில் சட்டக் காப்பீடு. நிலத் தகராறு, பாதிரியாரின் அத்துமீறல், கொரெகிதோரின் அடாவடி என்று ஊர்ஊராக வந்து வழக்குத் தொடுத்தார்கள். அடிக்கிற கையும் அணைக்கிற கையும் ஒரே உடம்பில் இருந்ததால்தான் உடம்பின்மேல் யாரும் கை வைக்கவில்லை.

பணம்? எல்லாமே வெள்ளிக்காகத்தானே?

பெரும்பாலும் ஆம். தோண்டி எடுக்கும் வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு; பின்னாளில் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. விற்பனை வரி, பூர்வகுடித் திறை, புகையிலை ஏகபோகம் எல்லாம் அதற்கு மேல். வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் தேவை. அந்தப் பாதரசத்தை விற்பதும் அரசே. ஆகவே யார் எவ்வளவு பாதரசம் வாங்கினார்கள் என்று பார்த்தே எவ்வளவு வெள்ளி எடுத்திருப்பார்கள் என்று மாட்ரிட் கணக்குப் போடலாம். கெட்டிக்கார ஏற்பாடு.

விலை கொடுத்தவர்கள் வேறு. இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி மலையில் 1545-இல் வெள்ளி கண்டார்கள். 1573-இல் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ, இன்காக்களின் பழைய ஊழிய முறையான 'மித்தா'வை எடுத்து, சுரங்கத்துக்குத் திருப்பினார். சுற்றியுள்ள 16 மாவட்டங்களிலிருந்து வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர், வருடத்துக்கு 13,000-க்கும் மேற்பட்டோர், முறைவைத்துப் போக வேண்டும். சிலர் குடும்பத்தோடு வாரக்கணக்கில் நடந்தார்கள். பலர் திரும்பவில்லை. முறைக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடியவர்கள் இன்னும் பலர். அதற்குச் சட்டபூர்வ முடிவு வந்தது 1812-இல்.

பதவிகளை விற்றார்களாமே?

வெளிப்படையாக. இரண்டாம் பிலிப் காலத்திலிருந்தே நகரசபை இடங்கள் விலைக்குப் போயின. 1633-இல் கஜானாப் பதவிகள், 1687-இலிருந்து 1750 வரை ஆடியென்சியா நீதிபதிப் பதவிகளே விற்கப்பட்டன. ஐரோப்பியப் போர்களுக்குக் காசு வேண்டுமே. வாங்கியவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்த ஸ்பானிய வம்சத்தினர் ஏராளம். ஆக, ஊரோடு ஒட்டக் கூடாது என்று அத்தனை தடை போட்ட அரசே, ஒட்டியவர்களுக்கு நாற்காலியை விற்றது. சுயாட்சி என்று பெயர் வைக்காமலே ஒரு சுயாட்சி இப்படி விலைக்கு வந்தது.

திருச்சபை?

அதுவும் ராஜாவின் இலாகா. 1508-இல் போப் இரண்டாம் ஜூலியஸ் கொடுத்த உரிமைப்படி, அமெரிக்காவில் ஆயரை முன்மொழிவது ராஜா. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும் ராஜாவின் குரல் கலந்திருந்தது.

சாதாரண ஆள் ராஜாவுக்கு எழுத முடியுமா?

யாரும் எழுதலாம்; அந்தக் கடிதங்களைத் தடுக்கக் கூடாது என்று அதிகாரிகளுக்கு உத்தரவே உண்டு. எழுதினார்கள். செவியாவில் 1785-இல் தொடங்கிய ஆவணக் காப்பகத்தில் 43,000-க்கும் மேற்பட்ட கட்டுகள் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது, பெருவைச் சேர்ந்த குவாமான் போமா தெ அயாலா என்ற பூர்வகுடிக்காரர் எழுதிய கடிதம். மூன்றாம் பிலிப்புக்கு எழுதியது, 1615 வாக்கில் முடித்தது, ஏறத்தாழ 1,200 பக்கம், 400-ஐ ஒட்டிய கோட்டோவியங்கள். கொரெகிதோர் அடிப்பது, பாதிரியார் உதைப்பது, எல்லாம் படமாக இருக்கிறது. ஒரு பகுதியில் ராஜா கேள்வி கேட்கிறார், இவர் பதில் சொல்கிறார்: என் குடிகள் ஏன் குறைந்துகொண்டே போகிறார்கள்? எப்படிப் பெருகுவார்கள்? ராஜாவின் முன் மண்டியிட்டு இவர் விளக்கம் சொல்வதுபோல ஒரு படமும் உண்டு. ஆராய்ச்சி மணியின் கயிறு கடலைத் தாண்டித் தொங்கியது. இவர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதம் 1908-இல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. மூன்றாம் பிலிப் அதைப் பிரித்தார் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி எப்போது தடம் புரண்டது?

சரிசெய்யப் புகுந்தபோது. 18-ஆம் நூற்றாண்டில் வந்த போர்பன் வம்ச அரசர்கள் இந்த வளைந்துகொடுக்கும் பழைய ஏற்பாட்டை வெறுத்தார்கள். ஹோசே தெ கால்வெஸ் 1765 முதல் 1771 வரை மெக்சிகோவை ஆய்வு செய்து, பிறகு அமைச்சராகி, சாட்டையைச் சுழற்றினார். 1767-இல் ஏசு சபையினர் வெளியேற்றப்பட்டனர். வரி ஏறியது, வசூல் இறுகியது. உள்ளூர்க்காரர்களைத் தள்ளிவிட்டு ஸ்பெயினிலிருந்து ஆள் வந்தது. நிறுத்திவைக்கிறேன் என்று எழுதும் அதிகாரியின் இடத்தில், வசூலித்துவிட்டேன் என்று எழுதும் அதிகாரி.

1780 நவம்பரில் பெருவின் தெற்கே, மித்தாவிலிருந்து தன் மக்களுக்கு விலக்குக் கேட்டு லிமாவில் மனுப்போட்டுத் தோற்றிருந்த ஊர்த்தலைவர் ஹோசே கப்ரியேல், இரண்டாம் துப்பாக் அமாரு என்ற பெயரோடு கிளம்பினார். கொரெகிதோர் அந்தோனியோ தெ அர்ரியாகாவைப் பிடித்து ஊர் நடுவே தூக்கிலிட்டார். எந்த அதிகாரத்தில்? ராஜாவின் உத்தரவு என்றார்! "ராஜா வாழ்க, கெட்ட ஆட்சி ஒழிக" என்பது அந்தக் காலக் கலகங்களின் பொது முழக்கம். அடுத்த ஆண்டு மே மாதம் குஸ்கோ சதுக்கத்தில், குடும்பத்தோடு, சொல்லக் கூசும் விதத்தில் அவரைக் கொன்றார்கள். ராஜா நல்லவர், இடையில் இருப்பவர்கள்தான் கெட்டவர்கள் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகும் முழுதாகச் சாகவில்லை.

பிறகு எது முடித்துவைத்தது?

ராஜாவே காணாமல் போனது. 1808-இல் நெப்போலியன் ஏழாம் பெர்னாண்டோவையும் அவர் தகப்பனாரையும் பயோன் நகருக்கு வரவழைத்து, கிரீடத்தைப் பறித்து, தன் அண்ணன் ஜோசப்புக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் பழைய சட்ட நுணுக்கம் விழித்துக்கொண்டது. நாங்கள் கட்டுப்பட்டது ராஜாவுக்கு. ராஜா இல்லை. அப்படியானால் அதிகாரம் மக்களிடம் திரும்புகிறது. ஸ்பெயினில் அமைந்த இடைக்கால மைய சபை 1809-இல், இந்த நிலங்கள் காலனிகள் அல்ல, முடியாட்சியின் பிரிக்க முடியாத அங்கம் என்று அறிவித்தது. கூடவே இட ஒதுக்கீடும் சொன்னது: ஸ்பெயினில் மாகாணத்துக்கு 2 பிரதிநிதிகள், அமெரிக்காவில் ஒரு முழு வைஸ்ராய் ஆட்சிப்பகுதிக்கே 1. பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டு இலையைச் சுருட்டியது போல.

1810 ஏப்ரலில் கராகஸ், மே மாதம் புவெனஸ் ஐரஸ், ஜூலையில் பொகோதா, செப்டம்பரில் சாந்தியாகோ என்று உள்ளூர் ஆட்சிக்குழுக்கள் எழுந்தன. பெரும்பாலானவை பெர்னாண்டோவின் பெயரால்தான் சத்தியம் செய்தன. 1814-இல் திரும்பி வந்த பெர்னாண்டோ, தான் இல்லாதபோது ஸ்பெயினில் இயற்றப்பட்டிருந்த 1812-இன் காதிஸ் அரசியல் சாசனத்தைக் கிழித்துப் போட்டு, படையை அனுப்பினார். தொலைவில் இருந்தவரை நல்லவராக இருந்த ராஜா, முதன்முறையாகப் பெரும் படையாக நேரில் வந்தார். 1824 டிசம்பரில் அயாகுச்சோ போரோடு தென் அமெரிக்காவில் கதை முடிந்தது. கியூபா, புவெர்த்தோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் மட்டும் 1898 வரை நீடித்தன.

பிரிட்டிஷ் இந்தியாவோடு ஒப்பிடலாமா?

பெயரளவில் நிறையப் பொருந்தும்: வைஸ்ராய், தலைநகரில் ஒரு சபை, மாவட்டத்துக்கு ஓர் அதிகாரி. ஆனால் இங்கே 1858 வரை ஆண்டது ஒரு கம்பெனி. 1870-இல் லண்டனும் பம்பாயும் கடலடித் தந்தியால் இணைந்துவிட்டன. "நிலைமை தெரியாமல் ஆணையிட்டுவிட்டீர்கள், இரண்டு வருடம் பொறுங்கள்" என்று சொல்லும் வசதி கல்கத்தாவுக்கு இருக்கவில்லை.

எந்த ஐரோப்பிய ராஜாவும் தன் அமெரிக்கக் காலனிக்குப் போனதே இல்லையா?

போர்த்துகல் அரச குடும்பம் போனது. அதே நெப்போலியனுக்குப் பயந்து 1807 இறுதியில் கப்பலேறி, 1808-இல் பிரேசிலில் இறங்கி, ரியோவையே தலைநகராக்கியது. பிரேசில் துண்டு துண்டாகாமல் 1822-இல் ஒரே நாடாகப் பிரிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

ஸ்பெயின் ராஜா ஒருவர் போனதும் உண்டு. 1976-இல் யுவான் கார்லோஸ் விமானத்தில் வந்து சாந்தோ தொமிங்கோவில் இறங்கினார், அயல்நாட்டு விருந்தாளியாக.